நெல் அறைக் குஞ்சுகள்

எங்கள் வீட்டில் நெல் அறை என்று ஒன்று இருந்தது. நெல்தான் இல்லை. ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தையெல்லாம் அப்பா மனை போட்டு விற்ற பிறகு அந்த அறையில் மிஞ்சியது ஒரு வாசனை மட்டும். உமியும் சாக்கும் பழைய வெயிலும் கலந்த வாசனை. எண்பதுகளின் கடைசி அது. சேலையூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஓடு, பாதி வீடுகள் மொட்டை மாடி. விலங்கியல் பட்டத்தை வாங்கிக்கொண்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நான் மத்தியான நேரங்களில் அந்த அறையில் பாயைப் போட்டுப் படுத்துக் கிடப்பேன். தாம்பரத்தை விட்டுக் கிளம்புகிற ரயிலின் சத்தம் காற்று அடிக்கிற பக்கத்தைப் பொறுத்து வரும், வராது. வந்தால் தூக்கம் வரும். வராவிட்டாலும் வரும்.

அந்த அறையை என்னிடமிருந்து பிடுங்கியது அக்காவின் வளைகாப்பு. ஏழாம் மாதம் வளையல் அடுக்கித் தலைப்பிரசவத்துக்கு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வந்த மறுநாளே அம்மா பத்தியச் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பிறக்கத் தை மாதம் ஆகும். இவள் ஐப்பசியிலேயே மிளகு வறுக்கத் தயாராக இருந்தாள்.

"மார்க்கெட்ல விக்கிறதெல்லாம் ஊசி போட்ட கோழி. பச்ச ஒடம்புக்காரிக்கு அத்தப் போயி ஆக்கிப் போடுவாங்களா? நாட்டுக்கோழிக் குஞ்சா வாங்கியாந்து நம்ம வூட்லயே வளத்துக்கலாம். தைக்குள்ள சாறு வெக்கிற அளவுக்கு வந்துடும்" என்றாள்.

"யார் வளர்க்கிறது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஏன், நீதான் மூணு வருசமா கோழி குருவின்னு படிச்சுகினு வந்தியே?"

நான் படித்தது தவளையும் கரப்பான் பூச்சியும். அறுத்துத்தான் பழக்கம், வளர்த்துப் பழக்கமில்லை. இதை அம்மாவிடம் விளக்குவதைவிடக் கோழி வளர்ப்பது சுலபம் என்று அப்போது தோன்றியது.

பொத்தேரிப் பக்கம் ஒரு பண்ணையில் இயந்திரத்தில் வைத்துப் பொரித்த குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு விற்றார்கள். அப்பா ஒரு பெட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பெட்டியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கீச்சு. பண்ணைக்காரர் சொல்லி அனுப்பியதை அப்பா வாசலிலேயே நின்று ஒப்பித்தார். "சூடு, தண்ணி, காத்து. இந்த மூணும் சரியா இருந்தா குஞ்சு தானா வளருமாம்." எங்களுக்குச் சூடு என்கிற சொல் மட்டும்தான் காதில் ஏறியது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அதனால்கூட இருக்கலாம்.

தாய்க்கோழி இல்லாத குஞ்சுகள் இவை. இறக்கைக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்ள வழியில்லை. அதனால் இறக்கையை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். நெல் அறையின் தரையில் உமியை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினேன். அப்பா கொண்டுவந்த தகரத்தை வளைத்து வட்டமாக நிறுத்தினேன். வட்டம்தான் வேண்டும், மூலை இருந்தால் குஞ்சுகள் மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும். நடுவில் ஒரு பல்பு. பல்புக்கு மேலே கூடையைக் கவிழ்த்து உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டேன். குஞ்சு வளர வளரக் கயிற்றை ஒரு முடிச்சு மேலே ஏற்ற வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டேன், விழுந்து நனையாமல் இருக்க. முதல் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அலகைத் தண்ணீரில் தொட்டுவிட்டதும் அது தலையைத் தூக்கி, கண்ணை மூடி, விழுங்கும். குடிக்கக் கற்றுக்கொண்டதில் அதற்கே ஒரு ஆச்சரியம். ஒன்றை இறக்கிவிட்டு அடுத்ததை எடுப்பேன். எத்தனை என்று மட்டும் எண்ணவில்லை. அம்மா விடவில்லை.

"எண்ணாதடி. கண்ணு பட்டுடும்."

அம்மாவுக்கு அது கோழி அறை இல்லை, பிள்ளை பெற்ற அறை. வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். அறைக்குள் போகிற யாரும் காலைக் கழுவிக்கொண்டுதான் போக வேண்டும். அப்பா கடைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாலும் கழுவ வேண்டும். பச்சை உடம்புக்குக் குளிர்காற்று ஆகாது என்று இருந்த ஒரே ஜன்னலையும் சாக்கால் அடைத்து, ஓரத்திலெல்லாம் துணியைத் திணித்தாள். "இன்னாடி பாக்கறே? நீ பொறந்தப்ப உன்னையும் இப்பிடித்தான் வெச்சிருந்தேன்" என்றாள். அதனால்தான் நான் இப்படி ஆனேனோ என்று கேட்டேன். ஒரு குட்டு கிடைத்தது.

அந்த ஐப்பசி முழுவதும் நான் அந்த அறையில்தான் இருந்தேன் என்று தோன்றுகிறது. பகல் எது, சாயங்காலம் எது என்று பிரிக்க முடியாத மழை. ஏரிப்பக்கம் தவளைகள் விடாமல் கத்தும். சாக்கு போட்ட ஜன்னலுக்குள்ளே ஒரு மஞ்சள் வெளிச்சம், அதற்குள்ளே மஞ்சளும் சாம்பலும் பழுப்புமாக மிதக்கிற சின்னச் சின்ன உடம்புகள். நடந்துகொண்டே இருக்கிற குஞ்சு திடீரென்று நின்று, தலை தொங்கி, நின்றபடியே தூங்கி, அப்படியே முகம் குப்புற உமியில் சாயும். மறு நிமிடம் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல் நடக்கும். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கும் அதே கதிதான். விழித்திருந்தேனா தூங்கினேனா என்று எனக்கே தெரியாது. விமானப்படை நிலையத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானம் தாழப் பறந்து போனால் அத்தனை குஞ்சும் ஒரே நேரத்தில் தரையோடு தரையாகப் படுத்துவிடும். பருந்தையே பார்த்திராத பிள்ளைகள். அந்தப் பயம் எங்கிருந்து வந்ததோ. சத்தம் தேய்ந்து போனதும் ஒன்று கழுத்தைத் தூக்கும், பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம் பழையபடி கீச்சிடும்.

புத்தகம் சொல்லாததைக் குஞ்சுகளே சொல்லிக் கொடுத்தன. பல்புக்கு அடியில் எல்லாம் ஒரே குவியலாக நெருக்கிக்கொண்டு கூர்மையாகக் கத்தினால் குளிர்கிறது. தகரத்தின் ஓரத்துக்குப் போய் இறக்கையைத் தொங்கவிட்டு வாயைத் திறந்துகொண்டிருந்தால் சூடு அதிகம். வட்டம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவிக் காலை நீட்டித் தூங்கினால் எல்லாம் சரி. தெர்மாமீட்டர் வேண்டாம். கதவைத் திறந்து ஒரு பார்வை போதும். சாயங்காலத்தில் மின்சாரம் இளைத்துப் பல்பு சிவந்துபோகும்போது, நான் கயிற்றை இறக்குவதற்கு முன்பே அவை குவிய ஆரம்பித்துவிடும்.

இவற்றில் மிஞ்சியவற்றை அக்கா பிற்பாடு பூண்டும் மிளகுமாக ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோழி வளர்த்தவர்கள் எழுதும்போது கடைசியில் கோழியைக் காப்பாற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட பழக்கம் கிடையாது.

ஆனால் அப்போது அக்காவுக்கு அந்த அறையே ஆகாது. வாசனை பட்டாலே வாந்தி. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, "உன் பிள்ளைங்க எப்படிடி இருக்கு?" என்று கிண்டல் செய்வாள். நானும் விடாமல், "உன் பிள்ளையைவிடச் சுறுசுறுப்பு" என்பேன். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

குஞ்சுகளுக்கு இறக்கையில் முதல் சிறகு எட்டிப்பார்த்த சமயத்தில், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிய ஒரு காலையில், அக்காவுக்கு வலி வந்தது. இன்னும் நாள் கிடக்கிறது, இது சூட்டு வலி என்றாள் அம்மா. சீரகத் தண்ணீர் கொடுத்தாள். வலி நிற்கவில்லை. அப்பா தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய் டாக்சி பிடித்துக்கொண்டு வந்தார். அவர்கள் மூவரும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் குஞ்சுகளோடு வீட்டில் நின்றேன்.

மறுநாள் அம்மா மட்டும் திரும்பி வந்தாள். புடவை மாற்றக்கூட இல்லை. நேராக நெல் அறைக்குள் வந்து தகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலைக் கழுவவில்லை.

"பொண்ணு" என்றாள். "கையில அடங்கிப் போவுது. தோலு அப்பிடியே கண்ணாடி மாதிரி கீது. ஒரு கண்ணாடிப் பொட்டிக்குள்ள போட்டு வெச்சுகிறாங்க. மேல பல்பு எரியுது. நாம இதுங்களுக்கு வெச்சுகிறமே, அதே மாதிரி."

எடை கூடுகிறவரைக்கும் எதையும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தை பிழைக்குமா என்று அம்மா கேட்டதற்கும் அதே பதில்தான். எடை கூடட்டும். பம்பாயில் வேலையிலிருந்த மாமா, அக்காவின் வீட்டுக்காரர், தந்தி கிடைத்து ஓடி வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, லீவு முடிந்து அழுதுகொண்டே போனார்.

கொஞ்ச நாளில் அக்காவை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது இருந்த வயிறும் இல்லை, வயிற்றில் இருந்ததும் கையில் இல்லை. தினமும் காலையில் அம்மாவும் அவளும் தாம்பரத்தில் ரயில் ஏறி, சைதாப்பேட்டையில் இறங்கி, பஸ் மாறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அக்கா பாலைப் பிழிந்து கொடுப்பாள். நர்ஸ் அதைச் சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியாக இறக்குவாள். அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பாள். தொடக்கூடாது, கிருமி தொற்றிவிடும். நேரம் முடிந்ததும் ரயில். வருகிற வழியில் பல்லாவரமும் குரோம்பேட்டையும் மழையில் கரைந்துகொண்டே போகும் என்று ஒரு நாள் சொன்னாள். எந்த ஸ்டேஷன் வந்தது, எது போனது என்று தெரியாமல் கடைசியில் எல்லோரும் இறங்கும்போது இறங்குவாளாம். தாம்பரம்தான் கடைசி என்பது நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் அவள் குளித்து, புடவை மாற்றி, நெல் அறைக்குத்தான் வருவாள். எந்த அறையின் வாசனை பட்டாலே குமட்டியதோ, அதே அறைக்கு. தகரத்துக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள்.

"தொட மாட்டேன். பார்க்கறேன், அவ்வளவுதான்" என்பாள்.

நான் தீவனத்தைத் தூவுவேன், ஈர உமியை அள்ளுவேன், பின்பக்கம் எச்சம் ஒட்டிக்கொண்ட குஞ்சை வெந்நீர்த் துணியால் துடைத்துவிடுவேன். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். பேசினால் அந்தக் குழந்தையைப் பற்றித்தான். அதற்கு வார்த்தை கிடைக்காமல் குஞ்சைக் காட்டிச் சொல்வாள். "இன்னிக்கு இது மாதிரி வாயைத் திறந்துது." "காலை இப்படித்தான் ஒரு தடவை உதைச்சுக்குச்சு." "அதோ அந்தச் சாம்பல் கலர் இருக்கு பார், அது மாதிரி நெத்தியைச் சுருக்குது." அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அக்காவின் முகமும் ஈரமாகப் புதிதாகப் பிறந்ததுபோல் இருக்கும். எனக்கு அவள்மேல் சின்ன வயதிலிருந்து பொறாமை உண்டு. நல்ல தலைமுடி அவளுக்கு, நல்ல கோபம் எனக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் பொறாமை எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் கரண்ட் இளைத்துப் பல்பு மங்கியது. குஞ்சுகள் நடுவில் குவிந்து கத்த ஆரம்பித்தன. நான் கயிற்றை இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் குவியல் தளர்ந்து, ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா குளிருதுன்னு அர்த்தம், இல்லை?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமா."

"அங்க அது ஒண்டியாக் கிடக்கே. அது யாரோட போய் ஒட்டிக்கும்? குளிருதுன்னா எப்படிடி சொல்லும்?"

விலங்கியலில் அதெல்லாம் வரவில்லை. கயிற்றின் முடிச்சைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா தலைமுழுகினாள். அன்றைக்கு அப்பா அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமையென்றால் எங்கள் வீட்டில் மத்தியானத்துக்கு மேல் சாம்பிராணி உண்டு. அடுப்பிலிருந்து தணலை எடுத்துத் தூபக்காலில் போட்டு, பொடியைத் தூவி, அம்மா ஒவ்வொரு அறையாகப் புகை காட்டிக்கொண்டு வருவாள். பச்சைக் குழந்தை இருந்தால் அதற்குத் தனியாக. கூடையைக் கவிழ்த்து, மேலே குழந்தையைப் பிடித்து, தலை ஈரம் காயவும் சளி பிடிக்காமல் இருக்கவும். அன்றைக்கு வீட்டில் குழந்தை இல்லை. காட்டிப் பழகின கை, என்ன செய்யும்? நான் கிணற்றடியில் தண்ணீர்த் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா இன்னொரு பிடி பொடியைத் தூவி, தூபக்காலை நெல் அறையில் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்து, சூடு போய்விடக் கூடாதென்று கதவையும் ஒருக்களித்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் போயிருக்கிறாள். சாக்கு அடைத்த ஜன்னல். துணி திணித்த ஓரம். புகைக்குப் போக வழியே இல்லை.

தட்டுகளோடு வந்து கதவைத் திறந்தால் அறை முழுக்க வெள்ளை. பல்பு எங்கோ தூரத்தில் நிலா மாதிரி தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் என்னை உலுக்கியது. குனிந்து பார்த்தால் குஞ்சுகள் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, சத்தமில்லாமல் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. தட்டுகளைப் போட்டுவிட்டு ஜன்னல் சாக்கைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. முறத்தில் அள்ளி அள்ளிக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். மழைக்காற்று ஜிலுஜிலுவென்று வீசியது. எந்தக் காற்றுக்குப் பயந்து அத்தனை துணியைத் திணித்தோமோ, அந்தக் காற்றுதான் அவற்றுக்கு உயிர் கொடுத்தது. ஒவ்வொன்றாகத் தும்மி, தலையை உதறி, கீச்சென்றன. சில உதறவில்லை.

"இன்னாம்மா பண்ணி வெச்சே!" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கும் அம்மா பாஷைதான் வரும்.

அவள் வந்து பார்த்தாள். பதிலுக்குக் கத்துவாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் கத்துக்குக் கத்து பாக்கி வைத்ததில்லை. அவள் முறத்தில் கிடந்தவற்றைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதுங்க பொழச்சா அதுவும் பொழச்சுக்கும்னு மனசுல முடிஞ்சு வெச்சிருந்தேன்டி" என்றாள். "அன்னிக்கு அந்தப் பொட்டியப் பாத்தேன் பாரு, அப்பவே. இப்ப நானே என் கையால..."

கோபம் எனக்கு அதோடு போயிற்று. அவள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தேன். அம்மா தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நெல் அறைக் கதவைத் திறந்து பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நான் அதைக் குஞ்சுகள் மேல் உள்ள ஆசை என்று நினைத்திருந்தேன்.

கிணற்றடி வாழைக்குக் கீழே பள்ளம் தோண்டிப் புதைத்தோம். அக்கா வருவதற்குள் புகை வாசனை போக அறையைத் துடைத்து, புது உமி போட்டு, மிச்சத்தை வட்டத்துக்குள் விட்டோம். ஜன்னலில் மேல்பாதியைத் திறந்தே வைத்தேன். குஞ்சுகள் மேல் காற்று நேராக அடிக்காமல், அறைக்குள் மட்டும் வந்து போகிற மாதிரி. அக்காவிடம் சொல்லக் கூடாது என்று அம்மா கண்ணால் கேட்டாள். யாரும் எண்ணி வைக்காததால் எத்தனை போயிற்று என்று யாருக்கும் தெரியாது, மறைப்பது சுலபம் என்று நானும் நம்பினேன்.

அக்கா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அம்மா நிலைப்படியில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"குறைஞ்சிருக்கு" என்றாள் அக்கா.

"எங்க குறஞ்சுது? அப்பிடியேதான் கீது" என்றாள் அம்மா.

"அந்தச் சாம்பல் கலர் இல்லையே."

அம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சாம்பிராணியையும் சொன்னாள், மனதில் முடிந்து வைத்ததையும் சொன்னாள். சொல்லிவிட்டு அக்காவின் காலடியில் அப்படியே குந்திவிட்டாள். நான் அக்கா உடைந்துபோவாள் என்று பயந்து எழுந்து நின்றேன். அவளோ அம்மாவின் ஈரத் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இது கோழிம்மா" என்றாள். "நீ தை மாசம் குழம்பு வைக்க வாங்கினே. இது இருந்தாலும் செத்தாலும் அதுக்கு என்ன தெரியும்? எம் பொண்ணு நான் குடுக்கற பாலைக் குடிச்சுப் பொழைக்கட்டும். இதுங்க தலையில அதைக் கட்டாதே."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அவள்தான் எங்கள் வீட்டிலேயே பயந்தவள் என்று அதுவரைக்கும் எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்து வைத்திருந்தோம். ஜன்னலின் மேல்பாதி வழியாக மழைச் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் வட்டம் முழுக்கப் பரவித் தூங்கிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. தன் கண்ணே பட்டுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. "நீ போ. இதுங்கள நான் பாத்துக்கறேன். காத்து வுட்டுத்தான் பாத்துக்கறேன்" என்று என்னை அக்காவோடு அனுப்பினாள். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனோம். மழை விட்டு வெயில் வந்த முதல் நாட்கள் அவை. தண்டவாளத்து ஓரப் பள்ளங்களில் எல்லாம் வானம் கிடந்தது. அக்கா ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நான் போன முதல் நாள்தான் முதல் தடவையாக அந்தக் குழந்தையைப் பார்த்தேன். இப்போது என்னைவிட உயரமாக நின்று என் ரசத்தில் புளி அதிகம் என்று குறை சொல்கிறவள், அன்றைக்கு என் முழங்கையின் நீளம்கூட இல்லை. கண்ணாடிக்குள்ளே பல்பு வெளிச்சத்தில் கைகளை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, பக்கவாட்டில், தனியாகக் கிடந்தாள். எடை கூடவில்லை, ஆனால் குறையவும் இல்லை என்றார்கள்.

வயதான நர்ஸ் ஒருத்தி இருந்தாள். பார்த்தாலே பயமாக இருக்கும். அக்காவை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். கழுவியதும் மறுபடியும் கழுவச் சொன்னாள். பால் பிழிவதற்கு என்று நினைத்து அக்கா கிண்ணத்துக்குக் கை நீட்டினாள்.

"அது அப்புறம். இங்க வந்து குந்து. சாஞ்சுக்கோ. மேல் ஊக்கைக் கழட்டு."

அக்காவுக்குப் புரியவில்லை. நர்ஸ் பெட்டியைத் திறந்து, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுக்கிற மாதிரி அந்தக் குழந்தையை எடுத்து, அக்காவின் ரவிக்கைக்குள், வெறும் மார்பின்மேல் படுக்க வைத்தாள். மேலே ஒரு துணியையும் அக்காவின் முந்தானையையும் போட்டு மூடினாள். "அசையாதே. கொஞ்ச நேரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

அக்கா அசையவில்லை. மூச்சுக்கூட விடுகிறாளா என்று எனக்குச் சந்தேகம். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தாள். முந்தானைக்கு மேலே தெரிந்தது உச்சந்தலை மட்டும், ஈரப் பூனைமுடி ஒட்டிய உச்சந்தலை. அது மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. கொஞ்சம் மேலே நகர்ந்தது. பிறகு கழுத்துக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது.

"ஒட்டிக்குதுடி" என்றாள் அக்கா.

அந்தரத்தில் இருந்த கையை அப்போதுதான் இறக்கிக் குழந்தையின் முதுகின்மேல் வைத்தாள். கை முதுகு முழுவதையும் மூடிவிட்டது. வெளியே தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். பெரிய ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் விழுந்து, நகர்ந்து, எங்கள் கால்மேல் ஏறியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பார்க்கப் பார்க்க, ஒடுங்கிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து அக்காவின் தோலின்மேல் பரவின.

நர்ஸ் திரும்பி வந்தாள். "போதும்மா. குடு, உள்ள வெக்கணும்."

"மாட்டேன்" என்றாள் அக்கா.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நர்ஸுக்குக் கோபம் வரும் என்று நான் நடுவில் புகத் தயாரானேன். அவள் முந்தானையை விலக்கி, குழந்தையின் பாதத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு பாதத்தையும் தொட்டுப் பார்த்தாள். முதுகில் கை வைத்து மூச்சைக் கவனித்தாள். பிறகு முந்தானையைப் பழையபடி இழுத்து மூடினாள்.

"பொட்டியில இருந்ததவிட இங்கதான் கொழந்த சூடா கீது. இருக்கட்டும்" என்றாள்.

போகிற போக்கில் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனாள்.